அமாவாசை ஷாம்புவும் மேல்மலையனூர்ப் பயணமும்

அறுபத்தாறில் தை அமாவாசை வெள்ளிக்கிழமையில் வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டுதல் இருந்ததால் நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். அவர் பொடுகு ஷாம்பு ஏஜெண்ட். செஞ்சியில் ஒரு பெட்டியாவது விற்காவிட்டால் ஏஜென்சியை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவோம் என்று மெட்ராஸ் கம்பெனி சொல்லியிருந்தது. ஆகவே அந்தப் பெட்டியும் கூட வந்தது.

திண்டிவனத்தில் காலை ஆறரைக்குப் பஸ். செஞ்சி பதினேழு மைல், டிக்கெட் எண்பது பைசா, பெட்டிக்குத் தனியாகக் கால் ரூபாய்.

"இன்னா சார் பாட்டிலு, சரக்கா?" என்றார் கண்டக்டர்.

"தலைக்குப் போடுறதுப்பா."

"அதான் சார் கேட்டேன்."

பஸ்ஸே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை.

செஞ்சிக் கடைவீதியில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் இவர் பொங்கலுக்கு முன்பே மாதிரி பாட்டில் ஒன்று கொடுத்திருந்தார். அந்த முதலாளி எங்களைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் சார். செவ்வாக்கெழம எங்க ஊட்ல போட்டுப் பாத்தாங்க. பிசுக்கு போவல. அந்தத் தலையில அப்பளமே பொரிக்கலாம்."

உள்ளிருந்து அவர் மனைவி சரோஜா எட்டிப் பார்த்தார். "நாலு தபா தேச்சேம்மா. கடைசில சீயக்காதான் காப்பாத்திச்சி."

"எண்ணெய் தேய்ச்சுக்கிட்டா போட்டீங்க?" என்றேன்.

"பின்ன? எண்ண வெக்காம தலைக்கு ஊத்திக்க இது இன்னா சாவு ஊடா?"

எனக்குச் சட்டென்று விளங்கியது. பாட்டிலில் இங்கிலீஷில் ஏதேதோ அச்சடித்திருந்தார்கள். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அச்சடித்தவர்களுக்கு நம் செவ்வாய் வெள்ளி தெரியாது போலும்.

"இன்னிக்கு எண்ணெய் வைப்பீங்களா?"

"அமாவாசயில யாராவது வெப்பாங்களா? கோயிலுக்குப் போவணும், சும்மா தண்ணிதான் ஊத்திக்கணும்."

"அப்போ இன்னிக்கு இதைப் போட்டுக் குளிங்க."

முதலாளி பெட்டியைத் தொடவில்லை. மலையனூருக்குப் பத்து மணிக்கு ஸ்பெஷல் பஸ். நாங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து வாசலில் நின்றோம். அங்காளம்மா, இவருக்கு ஒரு வழி காட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

சரோஜா ஈரத்தலையை உதறிக்கொண்டு வந்து, நெற்றி ஓரத்தை நகத்தால் சுரண்டி, நகத்தைக் கணவரிடம் காட்டினார். "பாரு, பிசுக்குமில்ல, பொடுகுமில்ல."

அவர் நகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "எறக்குங்க சார்," என்றார். "எண்ண வெச்ச தலைக்கு விக்க மாட்டேன், அத மட்டும் உங்க கம்பெனிக்கு எழுதிப் போடுங்க."

சரோஜாவும் எங்களோடு மலையனூருக்கு வந்தார். கூட்டத்தில் எந்தப் பெண்ணைக் கண்டாலும் தலையைத்தான் காட்டினார். அடுத்த மாதம் இவர் மூன்று பெட்டி கொண்டு போனார். கம்பெனி வைத்த பேரை அங்கே யாரும் சொல்வதில்லை, அமாவாசை ஷாம்பு என்றுதான் கேட்கிறார்கள். நான் கேட்டது ஒரு வழி. அம்மன் அதைத் தன் நாளிலேயே வைத்திருந்தாள்.

போகிறவர்களுக்கு: செஞ்சியிலிருந்து மலையனூர் பன்னிரண்டு மைல். அமாவாசை ராத்திரி நடக்கும் அம்மன் ஊஞ்சல் பார்க்க வேண்டுமானால் இரவு தங்க வேண்டும், பாயும் போர்வையும் எடுத்துப் போங்கள். செஞ்சிக் கோட்டை ஏறுவதை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலையில் எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டுக் கிளம்புங்கள். எதைப் போட்டுக் குளிப்பது என்பதைச் செஞ்சிக் கடைவீதியில் சரோஜாவே சொல்வார்.