வேரில்லாமல் பூத்த போத்து

கள்ளிமந்தாரையை எங்கள் வீட்டில் யாரும் வளர்த்ததாக எனக்கு நினைவில்லை. மருங்காபுரிப் பக்கத்துக் காட்டு வேலியில் அது தானாக நின்றது. அப்பா எப்போதாவது ஒரு கொப்பை வெட்டி மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் எறிவார். பால் வற்றி, வெட்டின இடம் காய்ந்து போகும் வரை அது அங்கேயே கிடக்கும். பிறகு வேலியில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே ஊன்றிவிட்டுப் போய்விடுவார். மழை வந்தால் துளிர்க்கும். அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்து எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழித்து, பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அப்படி வெட்டிக் காயவைத்த கொப்புகளில், இரண்டு போத்துகளைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தேன். எதற்கென்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. என்னுடையது என்று அந்த ஊரில் ஏதாவது ஒன்று உயிரோடு இருக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

என் கணவருக்கு மலைக்கோட்டையில் ஒரு ஜவுளி மொத்தக்கடையில் வேலை. கடைக்குள் அல்ல. சாம்பிள் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை என்று ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுத்து வருவார். போனால் வாரக்கணக்கில் ஆகும். வந்தால் இரண்டு நாள் இருப்பார். அதில் ஒரு நாள் தூங்கியே போகும். குழந்தை இல்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

நாங்கள் குடியிருந்தது கோயிலை விட்டுத் தள்ளி, ஒரு ஐயங்கார் குடும்பத்து வீட்டின் பின்கட்டு. வீட்டுக்கார மாமி தங்கமானவர். அவர்கள் வீட்டில் யாரும் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் நான் கிணற்றில் தண்ணீர் எடுத்துப் போன பிறகு ஒரு வாளி இறைத்துக் கீழே கொட்டிவிட்டுத்தான் அவர்கள் எடுப்பார்கள். அதை என் கண்ணெதிரே செய்ய மாட்டார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரை காத்திருப்பார்கள்; கொட்டுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். அந்த மரியாதைதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பும். எதிரிலேயே கொட்டியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். சண்டையும் ஒரு பேச்சுதானே.

போத்தைப் பார்த்ததும் மாமி பதறிப்போனார். அது மயானத்து மரம், கிரஹத்தில் வைக்கப்படாது என்றார். என் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்து, மண்ணெண்ணெய் டின்னில் வைத்தால் தோஷமில்லை, பூமியில் ஊன்றினால்தான் வீட்டு மரம் என்று கணக்கு என அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பெருமாள் இதை ஒப்புக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன்.

முதல் போத்து அழுகிப்போனது. தப்பு என்னுடையது என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் எனக்கு வேறு என்ன வேலை இருந்தது? காலையில் எழுந்து இரண்டு பேருக்குக் கூட இல்லாத சமையலை முடித்தால் மீதிப் பகல் முழுக்கக் கிடந்தது. டின்னருகே போய் உட்காருவேன். உட்கார்ந்தால் சும்மா இருக்க முடியாது, ஒரு செம்பு ஊற்றுவேன். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர், காற்றிலேயே ஈரம். அடியில் கைவைத்துப் பார்த்தபோது வெந்த கிழங்கு போல நசுங்கியது. ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காமலே வளர்ந்த மரத்தை நான் பார்த்துப் பார்த்தே கொன்றுவிட்டேன்.

இரண்டாவதை ஆற்றுமணலில் ஊன்றி, தொடுவதில்லை என்று சபதம் செய்தேன். டின்னை என் கண்ணில் படாமல் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தேன். டின்னருகே உட்காருவதும் இல்லையென்றால் பேச்சுத் துணைக்கு என்ன செய்வது? கீரைக்காரியிடம் வேண்டாத கீரைக்கெல்லாம் விலை கேட்டேன். அவள் இரண்டு நாள் பார்த்துவிட்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போக ஆரம்பித்தாள்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் துணி உலர்த்தப் போனபோது பார்த்தேன். இலை ஒன்றுகூட இல்லாத அந்த மொட்டைக் குச்சியின் நுனியில் ஒரு கொத்து மொட்டு. இரண்டு விரிந்தே விட்டிருந்தன. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வேர் பிடிக்காத போத்து சில சமயம் இப்படிப் பூக்கும். தன் உடம்பில் இருக்கிற பாலை வைத்துப் பூத்துத் தீர்ந்துவிடும். கொத்தைக் கிள்ளி எறிந்தால்தான் வேருக்கு வழி. கிள்ளப் போனேன், அன்றைக்கு வாசனை வந்து தொலைத்தது. நாளைக்குக் கிள்ளலாம் என்று விட்டேன்.

அன்று சாயங்காலம் கணவர் வந்துவிட்டார். பூவைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினார். மாமி எட்டி நின்று பார்த்து, டின்னில்தானே இருக்கு என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். சாப்பிடும்போது என் கணவர் சொன்னார்:

"பாத்தியா, இந்த ஊரு ஒனக்கும் ஒத்துக்கிச்சு. முதலாளி ராமநாதபுரம் லைனையும் சேத்துப் பாக்கச் சொல்றாரு. நீ எப்படி இருப்பியோன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன். சரின்னு சொல்லிடறேன்."

நான் மோர் ஊற்றினேன். ராமநாதபுரமும் சேர்ந்தால் அவர் மாதத்தில் எத்தனை நாள் வருவார் என்று என் மனம் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. எனக்கு வாய் நீளம் என்று பிறந்த வீட்டில் பெயர். அவரிடம் மட்டும் அது எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

காலையில் அவர் பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போது நான் போய் அந்தக் கொத்தை ஒடித்தேன். அவர் முகம் சுருங்கியது. பூவைப் போய் யாராவது ஒடிப்பார்களா என்றார். வேர் இல்லை, விட்டால் செத்துவிடும் என்றேன். அவர் நம்பவில்லை. இவ்வளவு பூத்திருக்கிறது, வேர் இல்லாமலா என்று போத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். மணலிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. அடிப்பாகம் நட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கையில் பால் ஒட்ட, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"இந்த வீட்டுல எங்கூடப் பேச ஒரு ஆளு இல்லீங்க. நீங்க போனா, திரும்பி வர்ற வரைக்கும் என் குரலே எனக்குக் கேக்கறதில்ல. என்னால முடியலீங்க."

அவர் போத்தை மறுபடி மணலில் வைத்து, சுற்றிலும் காலால் அமுக்கிவிட்டார். குளித்துக் கடைக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து, ராமநாதபுரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், வெளியூரே வேண்டாம், கடையிலேயே இருக்கிறேன் என்று கேட்டு வாங்கிவிட்டதாகவும் சொன்னார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒருவர் எனக்காக இத்தனை செய்ததை அதுவரை நான் பார்த்ததில்லை.

அடுத்த தை மாதம், கடைக்குக் கிட்டே என்று தென்னூருக்குக் குடிவந்தோம். ஒண்டிக் குடித்தனமில்லாத தனி வீடு, பக்கத்தில் கொஞ்சம் காலி மண். அதற்குள் போத்து வேர் பிடித்து நாலு இலை விட்டு அதையும் உதிர்த்திருந்தது. இலை உதிர்ந்திருக்கும்போது மாற்றி நடுவதுதான் நல்லது. பழைய இடத்தில் வெயில் பட்டுப் பழகின பக்கமே புது இடத்திலும் வெயிலுக்கு நிற்க வேண்டும் என்று சுண்ணாம்பால் அடையாளம் வைத்தேன். டின்னை வெட்டி, மண் உதிராமல் அவர்தான் தூக்கி வைத்தார். கொப்பு சுவரில் இடிக்கிறது என்று அடையாளத்தைப் பார்க்காமல் திருப்பி வைத்துவிட்டார். சித்திரையில் மேற்கு வெயில் பட்டு, பழகாத பக்கத்துத் தோல் வெந்து வெடித்தது. சாக்கைச் சுற்றிக் கட்டினேன். சாகவில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. அதற்கடுத்த வருஷம்தான் ஒழுங்காகப் பூத்தது.

தென்னூரில் எனக்கு வாய் ஓயவில்லை. ஒரு பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடத்து டீச்சர், மறுபக்கம் தையல் மெஷின் வைத்திருந்த பீபி. சுவருக்கு மேலே குழம்பும் போகும், வம்பும் வரும். இவர் மட்டும் கடை கட்டி வருவார், சாப்பிடுவார், பேப்பரை விரிப்பார். நான் பத்துக் கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். களைப்பு என்று நினைத்தேன். பிறகு அவர் சுபாவமே அதுதான் என்று நினைத்தேன்.

ஒரு கடை விடுமுறை நாளில் காரைக்குடி வியாபாரி ஒருவர், பழைய பழக்கத்தில், தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. வந்தவர் சிரிப்பு என்று நினைத்தேன், இவருடையது. எந்த ஊரில் எந்தக் கடைக்காரர் எப்படிப் பேரம் பேசுவார் என்று ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். கதைக்குள் கதை. இவ்வளவு பேச்சையும் இந்த மனிதர் எங்கே வைத்திருந்தார்? முதலில் எனக்குப் பொறாமைதான் வந்தது, பற்றிக்கொண்டு வந்தது. காபி ஆறிப்போய் மறுபடி சுட வைத்தேன். விருந்தாளி போனதும் அவர் வாசலில் நின்றபடி, பஸ் போகும் திக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் சொன்னேன்.

"முதலாளிகிட்ட கேளுங்க, பழைய லைன் இருக்கான்னு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ?"

"எனக்கென்ன, இங்கதான் பேச ஆளு இருக்கே."

அவர் மறுக்கவில்லை. ஒரு தடவையாவது மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, போயிட்டு வரேன் என்று இறங்கினார். தென்னூருக்கு வந்த பிறகு நான் பார்க்காத வேகம் அந்த நடையில் இருந்தது. சுவருக்கு மேலே டீச்சர் தலையை நீட்டி, ஐயா ஊருக்குப் போறாங்களா என்று கேட்டார். ஆமாம் என்று சிரித்தேன். பேச ஆள் இருந்தது உண்மைதான். ஆனால் நான் பேச ஆசைப்பட்டதெல்லாம் அவரோடுதான். அதை மட்டும் அவரிடம் நான் சொல்லவே இல்லை.