சூசையம்மாள் வீட்டுக் கண்ணாடிக் கதவு

கொடைக்கானல் பள்ளி விடுதிச் சமையற்கட்டில் சூசையம்மாளுக்கு ஈடு ஆள் கிடையாது. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா! கோயில் சாமியாரே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார். புருஷன் சவரியப்பனோ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத தோட்டக்காரன். அவன் வேலை பார்த்த துரை பழைய பங்களாவை இடித்தபோது, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஓடு கேட்டானா, உத்தரம் கேட்டானா? தள்ளினால் நகரும் மரச்சட்டக் கண்ணாடிக் கதவு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டின் கிழக்குச் சுவரை உடைத்து மாட்டினான். "காத்து வராது, வெயிலு மட்டும் வரும்" என்றான். வீட்டைக் கெடுத்தான் என்று அவள் வைதாள். பிறகு தினமும் அதைத் துடைத்து வைத்ததும் அவள்தான்.

ஐம்பத்தெட்டாம் வருஷ ஐப்பசியில் சவரியப்பன் நெஞ்சுச்சளியோடு படுத்துவிட்டான். குளிர்காற்று படக்கூடாது, வெயில் படவேண்டும் என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்துக் கதவு மழையில் ஊறிப் பருத்து, பாதி திறந்தபடி இறுகிக்கொண்டது. தச்சனைக் கூப்பிடலாமென்றால் அவன் பூம்பாறைக்குப் போனவன், மண்சரிவில் அங்கேயே மாட்டிக்கொண்டான். நம் கெட்டிக்காரி என்ன செய்தாள்? கதவு ஓடும் தடத்தில் தேங்காயெண்ணெயை ஊற்றினாள்! தலைக்கு வைக்கும் எண்ணெயையே தினமும் அடுப்போரம் உருக்குகிறவள் செய்கிற காரியமா இது? குளிரில் எண்ணெய் உறைந்து, மண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் திறந்த பக்கத்தைக் கம்பளியால் மூடினாள். அறை இருண்டுபோயிற்று. சவரியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கஞ்சி வேண்டாமென்றான். அதில்தான் அவள் பயந்துபோனாள்.

ஒருநாள் காலை மழை விட்டு வெயில் அடித்தது. மேகம் ஏறிவிட்டால் அதுவும் போய்விடும். கம்பளியை இழுத்துக் கீழே போட்டாள். கத்தியால் தடத்தைச் சுரண்டி, வெந்நீர் விட்டுத் துடைத்து, கதவைத் தள்ளினாள். ஒரு விரல்கடை நகர்ந்து நின்றுவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தாள். மாதா படத்தடியில் ஒரு மெழுகுதிரி இருந்தது.

அது தை மாசத்து மெழுகுதிரித் திருநாளில் கோயிலில் மந்திரித்து வாங்கியது. சாகிறவர் கையில் ஏற்றிக் கொடுக்கவென்று வீட்டுக்கு வீடு பத்திரமாக வைத்திருப்பார்கள். அவன் படுத்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை.

"மாதாவே, கோவிச்சுக்காத" என்று அதை எடுத்தாள். தடத்திலும் கதவின் அடிவிளிம்பிலும் தேய்தேய் என்று தேய்த்தாள். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினாள். முனகிக்கொண்டே நகர்ந்த கதவு, கடைசியில் முழுக்கச் சாத்திக்கொண்டது. கண்ணாடி வழியே வெயில் கட்டிலில் விழுந்தது. சவரியப்பன் மெல்லத் திரும்பினான்.

"என்னத்தப் போட்டுத் தேச்ச?"

அவளுக்கு மறைக்கத் தெரியாது. கையில் மிஞ்சியிருந்த மெழுகுதிரித் துண்டைக் காட்டினாள்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் போறப்ப என் கையில என்னத்தக் குடுப்ப?"

"அடுத்த திருநாளுக்குத்தான் புதுசு தருவாங்க. அதுவரைக்கும் உங்களுக்கு அந்தச் சோலியே கெடையாது! பேசாம வெயில்ல படுங்க" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

சவரியப்பன் வெயிலுக்குள் கையை நீட்டி வைத்தான்.

"கஞ்சி இருக்கா?" என்றான்.