கிழிந்த கடைசி அத்தியாயம்

என் மனைவியின் புத்தகத்திலிருந்து கடைசி அத்தியாயத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டவன் நான்தான். அட்டை வெளுத்துப்போன பழைய ஆங்கில நாவல் அது. சந்தேகப்படும் கணவனின் வீட்டைவிட்டு ஒரு பெண் வெளியேறும் கதை. ஓய்வு பெறும்வரை அதைப் பள்ளியில் நடத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் துணிச்சலைப் புரிந்துகொள்ளாமல் எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறேன்.

அதே கதையை என் மனைவி புக்கிட் பாஞ்சாங் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். "எங்க போற? யாரோட? எப்ப வருவ?" என்பேன். "படிக்கத்தாங்க" என்பதோடு சரி. இந்த வயதில் யாரோடு படிப்பு? அவள் பென்சிலால் கோடிட்ட வரிகளைத் திருட்டுத்தனமாகப் புரட்டினேன். எல்லாமே அந்தக் கணவன் பேசுபவை. மனைவியின் பதில் ஒன்றில்கூடக் கோடில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. இவளும் போய்விடுவாளோ என்று பயந்துதான், அந்தப் பெண் வெளியேறும் பக்கங்களைக் கிழித்தேன். கிழிந்த இடத்தைப் பார்த்தவள் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவளைப் பின்தொடர்ந்தேன். ஜாலான் புசாரில் ஒரு காப்பிக்கடை. தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவளோடு சில பெண்கள் மட்டும். இருந்த அந்த ஒரே பிரதியைக் கைமாற்றி, ஆளுக்கொரு பாத்திரமாகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மனைவிக்குக் கணவன் பாத்திரம். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "எங்க போற? யாரோட? எப்ப வருவ?" என்றாள்.

"எப்படிக்கா உங்களுக்கு மட்டும் இவ்ளோ நேச்சுரலா வருது?"

"வீட்டுல தினமும் டியூஷன் லா."

சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி பக்கத்தைப் புரட்டினாள். "கடைசி சாப்டர் எங்கக்கா?"

"கிழிச்சவர் அந்தத் தூணுக்குப் பின்னாலதான் நிக்கிறாரு. வேணும்னா கேளுங்க" என்றாள், தலையைத் திருப்பாமலே.

யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

புதுப் பிரதி ஒன்றை வாங்கி, தப்புத்தான் என்று சொல்லி அவளிடம் நீட்டினேன். "வச்சிருங்க. முடிவை நாங்களே பேசி முடிச்சிட்டோம்" என்றாள்.

அது அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது. இன்று மாலையும் கிழிந்ததையே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே, யாரோடு என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. அந்தக் கணவனை என்ன செய்தார்கள் என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை.