மூன்றாவது ஓட்டை

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு லைட் சுவிட்சைக் கழற்றிவிட்டு, சுவிட்சும் பிளக்கும் சேர்ந்ததை மாட்ட ஒரு ஒயர்மேன் வந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. ஒயரைப் பல்லால் உரித்து, ரப்பரை வீட்டுக்குள்ளேயே துப்பினார்.

"மூணாவது ஓட்டைக்கு எர்த் ஒயர் இல்லியே, அண்ணே?"

"அது சும்மா பேருக்குக் கீது, தம்பி."

மறுவாரம் இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட என் மனைவியைக் கரண்ட் தூக்கி எறிந்தது. பிழைத்தாள். நான் அந்த ஒயர்மேன் வீட்டுக்கே போனேன். அங்கே எல்லா பிளக்கிலிருந்தும் எர்த் ஒயர் சுவரில் இறங்கி மண்ணுக்குள் போயிருந்தது.

"இங்க மட்டும் எர்த் இன்னாத்துக்கு?" என்றேன்.

"எங்க வூட்ல கொயந்தைங்க கீதுங்களே, தம்பி."

முகத்தில் வெட்கமே இல்லை. எனக்குத் துப்ப வந்தது. வாசலைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.