மணியடிக்க ஒரு மாற்று ஆள்

அறுபதுகளின் கடைசியில் ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். அந்த வருஷம் விஷக்காய்ச்சல் பரவும் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. எங்கள் முதல்வர் எல்லோரையும் கூட்டி, "யார் படுத்தாலும் காலேஜ் நிக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாற்று ஆள் வேணும்" என்றார்.

விடுதிச் சமையலுக்குக்கூட ஆள் கிடைத்தது. மணியடிக்க மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. "சரி, அது நான்" என்றார் முதல்வர். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

காய்ச்சல் வந்தபோது முதலில் படுத்தவர் மணியடிக்கும் பியூன்தான். முதல்வர் கோட்டைக் கழற்றிவிட்டு, சுத்தியலோடு வராந்தாவுக்குப் போனார். அங்கே தொங்கிய தண்டவாளத் துண்டில் அவர் அடித்த அடியில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. மறுநாளிலிருந்து வகுப்பு முடியும் முன்பே போய் ஆசையோடு காத்து நின்றார். பாதி வகுப்புகள் காலியாகக் கிடந்தும் மணி மட்டும் பிசகவில்லை.

பியூன் தேறி வந்து சுத்தியலைக் கேட்டார். "இன்னும் ரெண்டு நாள் ரெஸ்ட் எடுப்பா" என்று முதல்வர் கொடுக்க மறுத்தார்.

பியூன் நேரே என் மேஜைக்கு வந்தார். "இன்னாம்மா இது, பேஜாரா கீது! என் வேலைய அவரே புடிச்சிக்கினாரே!"

நான் போய்ச் சொன்னதும் முதல்வருக்கு வெட்கம் வந்துவிட்டது. சுத்தியலைக் கொடுத்துவிட்டு, "சாயங்கால மணிய மட்டும் எனக்கு உட்டுடுப்பா" என்றார்.

"அடிச்சிக்கோ சார்" என்றார் பியூன், பெரிய மனதோடு.