ஜூன் வரை பெருக்காத வீடு

ஜூன் மாதம் பிறக்காமல் லையல் பெம்பர்டன் வீட்டுக்குள் எந்தப் பெரிய பொருளும் நுழைந்ததில்லை. அந்த நாட்டில் கணக்கு வருடம் ஜூன் முப்பதோடு முடிகிறது, கடைசி இரண்டு வாரம் கடைக்காரன் எல்லாவற்றையும் விலை குறைத்துத் தள்ளிவிடுகிறான், அதற்கு முன்னால் வாங்குகிறவன் மடையன் என்பது அவர் சித்தாந்தம். குளிர்பெட்டி, கட்டில், கார் டயர் எல்லாம் ஜூன். மூத்த மகளுக்குக் கைக்குழந்தையை வைத்துத் தள்ளுகிற வண்டியும் அப்படித்தான் பார்த்துப் பார்த்து வாங்கினார். அது வந்து சேர்ந்த அன்று குழந்தை வாசலுக்கு ஓடிவந்து அட்டைப்பெட்டியைத் தானே பிரித்தது. கல்யாண மோதிரம்கூட ஜூன் தள்ளுபடிதான். நோலீனுடைய விரலுக்கு அது கொஞ்சம் பெரிது, ஆனால் பாதி விலை. நாற்பத்தொரு வருடமாக அவள் அதன் உட்புறம் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜெரால்டனில் காற்றுக்கு ஓய்வு கிடையாது. மரங்களே அதற்குப் பயந்து தரையோடு தரையாகப் படுத்து வளர்கிற ஊர். பெம்பர்டன் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மத்தியானம் தெற்குக் காற்று எழும்பிவிட்டால் கதவைச் சாத்தினாலும் கீழே துணியைச் சுருட்டி அடைத்தாலும் மணல் உள்ளே வந்துவிடும். நோலீன் தினமும் காலையில் வாக்குவம் கிளீனரை இழுத்துக்கொண்டு வீடு முழுக்கப் போய்வருவாள். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து முப்பத்தெட்டு வருடம் இதே வேலை. லையல் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் எந்த வீட்டில் எத்தனை லிட்டர் ஓடியது என்று கேட்டால் சொல்வார். தன் வீட்டு வாக்குவம் கிளீனர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

பிப்ரவரியில் நோலீனுடைய இடது முழங்காலுக்குத் தேதி வந்தது. ஏப்ரல் கடைசி வாரம் மூட்டு மாற்று அறுவை. மூன்று மாதத்துக்குத் தரை பெருக்குகிற பேச்சே கூடாது, தள்ளி இழுத்துத் திருகினால் புது மூட்டுக்கு ஆகாது என்று டாக்டர் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். திரும்பி வரும்போது காரிலேயே லையல் வாக்குக் கொடுத்தார்.

"நீ கவலையே படாத. தானா ஓடிப் பெருக்குற ரோபோ ஒண்ணு வாங்கிடுறேன். நீ ஆஸ்பத்திரில இருந்து வர்றப்போ தரையில முகம் பாக்கலாம்."

"வர்றதுக்குள்ள வாங்கிடுவியா?"

"ரெண்டு மாசம் முழுசா இருக்கு, கண்ணு."

நோலீன் நம்பிவிட்டாள். அன்று சாயங்காலமே டோங்காராவில் இருக்கும் தங்கை ரோண்டாவுக்கு ஃபோன் போட்டு, "இந்தத் தடவை உடனே வாங்கிடுவானாம்" என்றாள். ரோண்டா அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு சமையலறையில் நின்றிருந்த லையலுக்கே கேட்டது.

மனிதர் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாளே கணினியில் அட்டவணை போட்டார். பதினேழு ரோபோக்கள், இருபத்திரண்டு கட்டங்கள். உறிஞ்சுகிற சக்தி எத்தனை பாஸ்கல், ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை நிமிடம் ஓடும், நாற்காலிக் காலைக் கண்டால் ஒதுங்குமா முட்டுமா, துடைக்கிற துணியைத் தானே அலசிக்கொள்ளுமா. யாரோ ஒருவன் தன் வீட்டுத் தரையில் ஓட்ஸைக் கொட்டி ரோபோவை ஓடவிட்ட வீடியோவை மூன்று தடவை பார்த்துக் குறிப்பெடுத்தார். பௌலிங் கிளப்பில் நாலு பேரைக் கேட்டார். மெல்போர்னில் இருக்கும் மருமகனைக் கேட்டார். முகம் தெரியாத ஒரு கனடாக்காரனோடு பக்கவாட்டுத் தூரிகை ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று ஒரு வாரம் இணையத்தில் சண்டை போட்டார். அந்தத் தரையை முப்பத்தெட்டு வருடம் பெருக்கியவள் அடுத்த அறையில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று சும்மாவா சொன்னார்கள்.

மார்ச்சில் கடைக்குப் போனபோது ஒரு ஜாடி நிறைய மணல் கொண்டுபோனார். விற்பனைக்கு நின்ற பெண்மணியிடம் ஜம்பமாக நீட்டினார்.

"இதைக் கொட்டி ஓட விட்டுக் காட்டுங்க பாப்போம். எங்க வீட்டு மணல்."

அவள் விரலை விட்டு அளைந்து பார்த்தாள். "சிப்பி கிடக்குதே. இது உங்க வீட்டுத் தரையில எடுத்ததா?"

"கடற்கரையில எடுத்தேன். எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லைங்க. வீட்டுக்குள்ள வர்றது மாவு மாதிரி நைசா இருக்கும். உங்க வீட்ல டைல்ஸ் அதிகமா, கம்பளம் அதிகமா?"

"ரெண்டும் இருக்கு."

"எது எவ்வளவு?"

லையல் யோசித்தார். இருபத்திரண்டு கட்டத்திலும் அதற்கு விடை இல்லை.

"சரி, படி ஏதாவது இருக்கா? படி இருந்தா இது ஏறாது, இறங்காது."

"மாடியே இல்லாத வீடு" என்றார் லையல். அதை மட்டும் உறுதியாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, கேட்க வந்ததைக் கேட்டார். "இது ஜூன்ல எவ்வளவு குறையும்?"

ஜாடியும் அட்டவணையும் பாஸ்கலும் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு அடித்த தாளம்தான். குறையலாம் என்று அவள் சொன்னதும் ஜாடியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஏப்ரலில் நோலீனுக்கு அறுவை முடிந்தது. நடைப்பயிற்சிக்கு இன்னும் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் அவள் ஃபோனில் கேட்பாள்.

"ரோபோ வந்துச்சா?"

"ரெண்டுல ஒண்ணுன்னு ஆயிடுச்சு. சொன்னா நம்ப மாட்ட, பதினேழுல இருந்து ரெண்டு!"

"தரை எப்படி இருக்கு?"

"இருக்கு. நான் தொடல. வேணும்னேதான் விட்டிருக்கேன். புதுசு வந்தா ஓட விட்டுப் பாக்க அழுக்கு வேணும்ல?"

"லையல், நான் போன வாரம் வந்து இங்க படுத்தேன். இன்னைக்கு வரைக்கும் நீ பெருக்கவே இல்லியா?"

"இன்னும் ஆறு வாரம்தானே, கண்ணு."

நோலீன் ஃபோனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாளாம். பக்கத்துக் கட்டில் பெண், "வலிக்குதா?" என்று கேட்டாளாம்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் வீட்டைப் பார்த்துவர ஆஸ்பத்திரி ஆள் அனுப்பும். மாரிசெல் என்ற பிலிப்பைன்ஸ்காரி வந்தாள். வாசலில் கால் வைத்ததுமே நரநர என்றது. அவள் நின்று தன் காலணியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு குளியலறைக் கைப்பிடி, கட்டில் உயரம் எல்லாம் அளந்தாள். அந்தக் காலத்து வீடு அது. ஹாலை ஒரு படி பள்ளமாக இறக்கிக் கட்டுவதுதான் அப்போது நாகரிகம். கீழ் ஹாலில்தான் டிவி, நோலீனுடைய நாற்காலி, வீட்டிலேயே பெரிய கம்பளம். மாரிசெல் அந்தப் படியையும் அளந்தாள். பதினெட்டு சென்டிமீட்டர். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் லையல்தான். அவர் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

"படிக்கு ஒரு கைப்பிடி போட்டுடலாம், அது பரவாயில்ல" என்றாள் மாரிசெல். "ஆனா இந்தத் தரையில வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா வழுக்கும். விழுந்தாங்கன்னா புது மூட்டு போச்சு. தரையை யார் பாத்துக்கறாங்க?"

லையல் முகம் மலர்ந்து கணினியைத் திறந்து அட்டவணையைக் காட்டினார். அவள் பொறுமையாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க. எப்போ வாங்குறீங்க?"

"ஜூன் கடைசில."

"இன்னைக்கு மே ஒன்பது."

"அதனாலதான் சொல்றேன், இப்போ வாங்கினா முட்டாள்தனம்."

மாரிசெல் தன் தாளில் ஏதோ எழுதினாள். "வியாழக்கிழமைக்குள்ள தரை சுத்தமா இருந்தா அவங்களை வீட்டுக்கு அனுப்பலாம். இல்லேன்னா வேற இடத்துக்குத்தான். எப்படிச் சுத்தம் பண்றீங்கன்றது உங்க இஷ்டம்." போகும்போது வாசலில் நின்று காலணியைத் தட்டிவிட்டுப் போனாள்.

மூன்று நாள் இருந்தது. பெருக்குகிறவனுக்கு மூன்று மணி நேரம் போதும். லையல் என்ன செய்தார்? கடைக்கு ஃபோன் போட்டு, இப்போதே வாங்கினால் ஜூன் விலைக்குத் தருவீர்களா என்று இரண்டு நாள் பேரம் பேசினார். மூன்றாம் நாள் கிளப்புக்குப் போய் நெவிலிடம் முறையிட்டார். நெவில் அவரோடு பள்ளியில் படித்தவன், மனைவி போன பிறகு தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்பவன்.

"டேய், துடைப்பத்தை எடுத்துப் பெருக்குடா" என்றான் நெவில்.

"அது தற்காலிகத் தீர்வு."

"மண்ணே தற்காலிகம்தான்டா. நாளைக்கு மறுபடி வரும். நாளைக்கு மறுபடி பெருக்கு. உன் பொண்டாட்டி வேற என்னத்தைப் பண்ணிக்கிட்டிருந்தா இத்தனை வருஷம்?"

லையலுக்கு ரோஷம் வந்து பியரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். வீட்டுக்கு வந்து துடைப்பத்தைத் தேடினாரா என்றால் இல்லை. அட்டவணையில் இருபத்துமூன்றாவது கட்டம் ஒன்று சேர்த்தார்.

வியாழக்கிழமை காலையில் நோலீனே கூப்பிட்டாள்.

"ரோண்டா கார் எடுத்துட்டு வந்திருக்கா. நான் டோங்காரா போறேன்."

"என்னது? நான் இங்க எல்லாம் ஏற்பாடு பண்ணிக்கிட்டிருக்கேன்..."

"என்ன ஏற்பாடு பண்ணின? மண்ணு இருக்குன்னு எனக்குக் கோபம் இல்ல, லையல். மண்ணு எனக்குப் புதுசா? நான் விழுந்துடுவேன்னு அந்தப் பொண்ணு உன் மூஞ்சிக்கு நேரா சொன்னப்புறமும் நீ ஒரு துடைப்பத்தைத் தொடல பாரு, அதுதான்."

"ஜூன் முப்பது வரைக்கும்தானே..."

"கனடாக்காரனை எல்லாம் கேட்டியே, என்னைக் கேட்டியா? ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்."

அவள் குரல் உடைந்தது. லையலுக்கு அது கேட்கத்தான் செய்தது. முழங்கால் வலி போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு வழியாக ஜூன் இருபத்தாறாம் தேதி ரோபோ வந்தது. மூன்றில் ஒரு பங்கு விலை குறைவு. வெள்ளையாக, வட்டமாக, சார்ஜ் ஏறவும் குப்பையைக் கொட்டவும் ஒரு கூட்டோடு. சந்தோஷத்தில் பழைய ரோஷத்தை மறந்து நெவிலைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது ஓடுவதைப் பார்த்தார்கள். சமையலறையில் நன்றாகத்தான் ஓடியது. ஒன்பது வார மணலை விழுங்கியது, கூட்டுக்குப் போய்க் கக்கியது, மறுபடி வந்தது. நடைவழியைத் தாண்டிக் கீழ் ஹாலின் விளிம்புக்கு வந்தது. நின்றது. ஒரு சுற்றுச் சுற்றியது. திரும்பிப் போய்விட்டது. லையல் அதைத் தூக்கிவந்து மறுபடி விளிம்பில் விட்டார். மறுபடியும் அதே.

நெவிலுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "உன்னைவிட அதுக்குப் புத்தி இருக்குடா. பள்ளத்தைக் கண்டா நிக்குது!"

"எந்த முட்டாப்பய இப்படி வீட்டைக் கட்டினான்?" என்று லையல் கத்தினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முப்பத்தெட்டு வருடம் தினம் பத்துத் தடவை இறங்கி ஏறிய படி அது.

நெவில் போனதும் டோங்காராவுக்கு ஃபோன் போட்டார்.

"நோலீன்! வாங்கிட்டேன். அறுநூறு டாலர் மிச்சம்!"

"அப்படியா. ஓடுதா?"

"சமையலறை பளபளன்னு இருக்கு. நீ நாளைக்கே வந்துடலாம். முழங்கால் ஆறியிருக்கும்ல?"

"கீழ் ஹால்?"

"அது வந்து... அங்க இறங்க மாட்டேங்குது. பெரிய விஷயமில்ல, கண்ணு. நாலரைக் கிலோதான் கனம். தினம் காலையில நீ ஒரு தடவை தூக்கிக் கீழ வெச்சு, முடிஞ்சதும் குனிஞ்சு எடுத்து மேல வெச்சுட்டா..."

நோலீன் குறுக்கிட்டாள்.

"லையல், நான் வரல."

"சரி, அடுத்த வாரம் வா."

"அடுத்த வாரமும் வரல. ரோண்டாவுக்குப் பக்கத்து வீடு காலியாச்சு. சின்னது, ஒரே மட்டம். ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். மே மாசமே எடுத்தாச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன், இப்போ சொல்றது சுலபமா இருக்கு."

லையல் கீழ் ஹால் விளிம்பில் உட்கார்ந்தார். கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. ஏன் என்று கேட்டிருக்கலாம். தப்பு என்னுடையது, வந்துவிடு என்று அழுதிருக்கலாம். ஒற்றை வார்த்தையில் மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட அவள் யோசித்திருப்பாள். அவள் இன்னும் ஃபோனை வைக்காமல் அதற்குத்தான் காத்திருந்தாள்.

"மே மாசமா?" என்றார் லையல். "கொஞ்சம் பொறுத்திருந்தா ஜூன்ல வாடகையைக் குறைச்சிருப்பாங்களே, கண்ணு."

நோலீன் ஃபோனை வைத்துவிட்டாள்.