கூட வந்தவருக்கு ஒரு கதிரை

துணிக்கடையில் துணி வாங்க வருகிறவரைச் சமாளிப்பது பெரிய காரியமில்லை. அவரோடு கூட வருகிறவரைச் சமாளிப்பதுதான் தொழில். ஒரு சாரியை எடுத்து, விரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டப் பத்து நிமிஷம் பிடிக்கும். அதை மறுபடி அலுமாரிக்கே அனுப்பிவைக்க, வாசலில் நிற்கும் கணவரின் ஒரேயொரு கொட்டாவி போதும்.

நீங்களும் ஒரு தரமாவது அப்படி நின்றிருப்பீர்கள். காரணமே இல்லாமல் ஒரு விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். வாங்காத சேர்ட்டின் பொத்தான்களை எண்ணியிருப்பீர்கள். அப்போது மேசைக்கு உள்ளே இருந்து ஒருவன் உங்களையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தானே, அது நான்தான். புத்தளத்தில் ஒரே துணிக்கடையின் மேசையில் முப்பது வருஷமாக நிற்கிறேன்.

நீல டிக்

இப்போது கடையை முதலாளியின் மகன் பார்க்கிறார். கண்ணாடிக் கதவு, ஏசி, கூட வருகிறவர்களுக்கென்று இரண்டு சோபா, போன் சார்ஜ் போட வயர் எல்லாம் இருக்கின்றன. போன மாதம் ஒரு இளம் பெண் இரண்டு சாரிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு எது நல்லது என்று தெரியாமல் தவித்தாள். பிறகு இரண்டையும் படம் பிடித்துக் கணவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அந்தக் கணவர் ஐந்து காலடித் தூரத்தில், சோபாவில், தன் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிஷமாயிற்று, மூன்று நிமிஷமாயிற்று. "மகள், அவர் இங்கதானே இருக்கிறார், கூப்பிடட்டா?" என்று கேட்டேன். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வேணாம் அங்கிள், குழப்பாதீங்க. ரெண்டு டிக் விழுந்திட்டு, நீலமானதும் சொல்லுவார்."

பொம்மைக்குப் பக்கத்தில்

சோபாவில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவதில்லை. "எழும்பு போவம்" என்று அவசரப்படுத்துவதில்லை. என் வேலை லேசாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பழைய கொட்டாவிகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அந்தக் காலத்தில் கடை முழுவதற்கும் ஒரேயொரு கதிரை. கேஷ் மேசைக்குப் பின்னால் குஷன் வைத்த சுற்றுக் கதிரை. அது முதலாளி ஹாஜியாருடையது. மற்றவர்கள் எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

எத்தாளையிலிருந்து ஒரு வெங்காயத் தோட்டக்காரர் மனைவியோடு வந்திருந்தார். அந்த மனைவி, எங்கள் பேச்சில் லாத்தா, சட்டைத் துணிக்கு நிறம் பொருத்திப் பார்க்கத் தொடங்கி இரண்டு மணித்தியாலமாகிவிட்டது. கணவர் முதலில் வாசலில் நின்றார், பிறகு அலுமாரியோரம் நின்றார், கடைசியில் சாரி உடுத்தி நிறுத்தியிருந்த பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்றார். கால் கடுத்திருக்க வேண்டும். மெல்ல அதன்மேல் சாய்ந்துவிட்டார். ஆளும் பொம்மையும் ஒன்றாக விழுந்த சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. எழும்பி, கழன்று விழுந்த கையைப் பக்குவமாக என்னிடம் தந்துவிட்டுச் சொன்னார்: "மன்னிச்சிக்கோங்க தம்பி. இவ்வளவு நேரமும் இவவும் அசையாம நிண்டா. என்னப் போல ஆருக்காகவோ காத்து நிக்கிறா எண்டு நெனச்சிட்டன்."

மூன்று பிளாஸ்டிக் கதிரைகள்

அந்தப் பொம்மையின் கையை ஒட்டிக்கொண்டே முதலாளியிடம் கேட்டேன், கூட வருகிறவர்களுக்கு மூன்று கதிரை போட்டால் என்ன என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கதிரை வைக்கும் இடத்தில் ஒரு ராக்கை வைத்தால் நூறு சட்டை தொங்கவிடலாம் என்பது அவர் கணக்கு. உட்கார இடம் கிடைத்த மனிதன் அவசரப்படுத்த மாட்டான், அவசரப்படுத்தாத இடத்தில் பெண்கள் கூடுதலாக எடுப்பார்கள் என்பது என் கணக்கு. நோன்புக்கு ஒரு கிழமை இருந்தது. பெருநாள் வியாபாரம்தான் எங்களுக்கு வருஷத்தின் வியாபாரம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைக்கு வந்த புதிதில் ஆறு வருஷம் என்னை மேல்மாடிக் கொடவுனில்தான் போட்டிருந்தார்கள். பேல் பிரிப்பது, அடுக்குவது, மறுபடி பிரிப்பது. மனித முகம் பார்க்கக் கிடையாது. நானோ வாய் ஓயாதவன். கதைக்க ஆளில்லாமல் துணிக்கட்டுகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறேன். கீழே இறங்கி மேசைக்கு வந்த நாள் எனக்குப் பெருநாள்தான். அது முதலாளிக்கும் தெரியும். அதனால்தான் இப்படிச் சொன்னார்: "சரி, பெருநாள் வரைக்கும் வெச்சிப் பாரும். சரிவரல்ல எண்டா அந்தக் கதிரைகளோட நீரும் மேல கொடவுனுக்கு."

ஓம், நல்லம்

கதிரைகளை முதலில் சாரிப் பக்கம் பார்த்து வைத்தேன். பத்து நிமிஷத்தில் பெண்களெல்லாம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நெளியத் தொடங்கினார்கள். யாரோ மூன்று ஆண்கள் வரிசையாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பெண் சாரியைத் தோளில் போட்டுப் பார்ப்பாள்? ஆகவே கதிரைகளைத் தெருப்பக்கம் திருப்பினேன். கணவன்மார் கல்பிட்டி பஸ்ஸையும் ஓட்டோவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவிமார் பின்னாலிருந்து சாரி எப்படி என்று கேட்டார்கள். எல்லாருக்கும் திருப்தி என்றுதான் நினைத்தேன்.

நாலாம் நோன்பன்று நகரத்து லாத்தா ஒருவர், கணவர் கதிரையோடு கூடப் பிறந்தவர் போல் ஒட்டிக்கொள்ள, சாரிகளை எடுத்து எடுத்துக் கேட்டார். "இஞ்சப் பாருங்க, இது எப்படி?" "ஓம், நல்லம்." "இந்தப் பச்சை?" "ஓம், நல்லம்." லாத்தாவின் முகம் மாறிற்று. கீழே கிடந்த, பேல் கட்டி வந்த சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இது?" என்று கேட்டார். கணவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "அது உனக்கு நல்லா எடுப்பா இருக்கும்." லாத்தா சாக்கை மடித்து என் கையில் தந்தார். ஒன்றும் வாங்காமல் கிளம்பியவர் வாசலில் நின்று, நானா என்று அண்ணன் முறை வைத்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இருபது வருஷமா இந்த மனிசன் என்னப் பார்க்காமத்தான் நல்லம் நல்லம் எண்டிருக்கு. உங்கட கதிரதான், நானா, காட்டிக் குடுத்திச்சி."

பாலாவி வரைக்கும்

கைக்கு வந்த வியாபாரம் போனது முதலாளியின் மனதில் ஒரு கறுப்புப் புள்ளியாக விழுந்தது. இரண்டாவது புள்ளியை ஆலங்குடாக்காரர் ஒருவர் போட்டார். விடியற்காலை கடலுக்குப் போய் வந்த மனிதர், நோன்பும் பிடித்திருக்கிறார். மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருத்தினேன். லுஹர் தொழுதுவிட்டு வந்து இருந்தவர்தான், அப்படியே தூங்கிப்போனார்.

மனைவி ஐந்து பிள்ளைகளுக்கும் உடுப்பு எடுத்து முடித்தார். பஸ் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, பைகளையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினார். கூட்டத்தில் எனக்கும் தெரியவில்லை. அரை மணித்தியாலம் கழித்துக் கடை டெலிபோன் அடித்தது. முதலாளிதான் எடுத்தார், பாலாவியில் இறங்கிப் பேசிய மனைவியின் சத்தம் எனக்கே கேட்டது. "ஹாஜியார், அங்க ஒரு கதிரையில எங்கட மனிசர் கிடப்பார், எழுப்பி அடுத்த பஸ்ல போட்டு விடுங்க. பேக் எல்லாம் சரியா இருக்கு, என்னமோ ஒண்டு குறையிதே எண்டு பாலாவி வரைக்கும் யோசிச்சிட்டே வந்தன்."

கதிரை இல்லாத நாள்

இருபத்தைந்தாம் நோன்பன்று காலை நான் வந்து பார்த்தால் மூன்று கதிரைகளையும் காணவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மாடிப்படிக்குக் கீழே தள்ளியிருந்தது. அந்த இடத்தில் பிள்ளைகளின் கவுன் தொங்கும் ராக். முதலாளி தலையை நிமிர்த்தாமலே, பெருநாள் முடிந்ததும் எனக்கு மேலே வேலை இருப்பதாகச் சொன்னார். அன்று நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகைதான்.

பகல் தொழுகை நேரம், முதலாளி பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அப்போது ஒரு வாப்பாவும் மகளும் வந்தார்கள். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, உப்பளத்தில் வேலை செய்கிறவர் அவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று உள்ளங்கால் இரண்டும் வெடித்து, துணி சுற்றியிருந்தார். மகளுக்குப் பெருநாள் கழித்துக் கலியாணம். கூறைச் சாரி மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவார்கள். மறுநாள் உடுக்கும் சாரி வாப்பா எடுத்துக் கொடுப்பது. அவர் தன் கையால் மகளுக்கு எடுத்துக் கொடுக்கிற கடைசிச் சாரி அதுதான். நான் முதலாவதாக ஒரு மண் நிறச் சாரியை விரித்தேன். அந்தப் பிள்ளை உடனே, "இது போதும்" என்றது. "பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "ஓம்" என்றது. ஆனால் அது சாரியைப் பார்க்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தது வாப்பாவின் காலை. அவர் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் வைத்து, மாறி மாறி நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. எப்படியும் கொடவுனுக்குப் போகிறவன்தானே என்ற துணிவாகவும் இருக்கலாம். கேஷ் மேசைக்குப் பின்னால் போனேன், முதலாளியின் சுற்றுக் கதிரையை உருட்டிக்கொண்டு வந்தேன், அந்த மனிதரின் தோளைப் பிடித்து இருத்தினேன். அவர் குஷனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கூச்சத்தோடு இருந்தார். மகள் வாப்பாவை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு மண் நிறச் சாரியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "வாப்பா இருந்திட்டாரு. இனி அந்த மேல் தட்டுல இருந்து ஒவ்வொண்டா காட்டுங்க நானா."

முதலாளி நின்றது

மேல் தட்டில் பாதி இறங்குமுன் முதலாளி திரும்பி வந்துவிட்டார். தன் கதிரையில் ஒருவர் இருப்பதைக் கண்டார், என்னைக் கண்டார். உப்பளத்துக்காரர் பதறி எழும்பப் பார்க்க, முதலாளி நோன்பு பிடித்த வாயால் வேறென்ன சொல்வார், "இருங்க, இருங்க" என்றார். போய் அந்த ராக்குக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பிள்ளை ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு சாரியாக வாப்பாவுக்கு முன்னால் கொண்டுபோய் விரித்துக் காட்டியது. அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "இது உங்கட உம்மாவுக்கு இருந்த நிறம்", "இது வெயிலுக்கு மங்கும்" என்று கருத்துச் சொன்னார். கடைசியில் மாம்பழ நிறத்தில் ஒன்றை இருவரும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். அந்த நேரம் அவர்கள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த ஒன்றரை மணித்தியாலமும் முதலாளி முதலில் நேராக நின்றார், பிறகு ராக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் வைத்தார்.

அவர்கள் போனதும் நான் கதிரையை உருட்டிக்கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டு, குனிந்த தலையோடு நின்றேன். முதலாளி அதில் இருந்தார். முழங்காலைத் தடவினார். பிறகு அந்த ராக்கைக் கையால் காட்டிச் சொன்னார்: "அதத் தள்ளிட்டுக் கதிரைகள எடுத்து வையும். இந்தக் கடை திறந்த நாளிலிருந்து சனம் நிக்கிறத நான் இருந்துகொண்டுதான் பார்த்திருக்கன், இண்டைக்கித்தான் நிண்டு பார்த்தன். மூண்டு காணாது, இன்னும் ரெண்டு வாங்கும்."

துணிக்கடையில் துணி வாங்காதவர்களைக் கவனித்தே ஒருவன் முப்பது வருஷம் சம்பளம் எடுக்கலாம் என்பதற்கு, இன்றுவரை கொடவுனுக்குத் திரும்பிப் போகாத நானே சாட்சி.